முறிவு மருந்து இருந்தும் விஷக்கல்லா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால், கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்தால்தானே கணக்கில் வருவார்? கடிவாயில் வைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடும் என்று நம்பப்படும் விஷக்கல்லும், பச்சிலை உருண்டையும் இன்றும் கேட்டவுடன் கிடைக்கின்றன. கடித்தது சாரையாகவோ, பாம்பு விஷத்தைச் செலுத்தாத கடியாகவோ இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். பெயர் கல்லுக்குப் போகும். கட்டுவிரியன் கடி அப்படியல்ல. வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் இமை சரியும், பிறகு மூச்சே நின்றுவிடும்.

மக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நள்ளிரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பல இடங்களில் செவிலியர் மட்டும்தான் இருப்பார். மருத்துவர் இருந்தாலும், விஷமுறிவு மருந்து ஒவ்வாமையைக் கிளப்பிவிடுமோ என்ற பயத்தில் முதல் டோஸைக்கூடப் போடாமல் 108-ஐ வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் இருக்கிறது. விஷம் ஏறி ரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்க ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். (முறிவு மருந்து தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தைச் சென்னை அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருபவர்களே நம் இருளர்கள்தான்!)

முறிவு மருந்து எத்தனை குப்பி கையிருப்பில் உள்ளது, இரவில் பணியில் இருக்கும் மருத்துவர் யார் என்பதை ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் தினமும் எழுதிப்போடச் சுகாதாரத்துறை உத்தரவிட வேண்டும். விஷக்கல் விற்பவர்களைப் பிடிப்பது அதற்கு அடுத்த வேலை.

- ஒரு வாசகர், செங்கம்