மாத்தளைக் கிணற்றுத் தண்ணீரும் உங்கள் வினிகர் யோசனையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மீன்தொட்டிக் கட்டுரையில், “கடினநீர்த் தொல்லை யாழ்ப்பாணத்தவர்களுக்கும் அநுராதபுரத்தவர்களுக்கும்தான், மலைநாட்டவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை” என்று ஒரு வரி. யாழ்ப்பாணத்துக்கு அது சரி, அங்கே நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆனால் மாத்தளையில் டொலமைட் வெட்டுவது உங்களுக்குத் தெரியாததா? தேயிலை மலைக்குப் புளிப்புக் குறையப் போடும் அந்த வெள்ளைத் தூளில் இருப்பது கல்சியமும் மக்னீசியமும்தான், அவை இரண்டும் சேர்ந்ததுதான் தண்ணீரின் கடினம். எங்கள் வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தால் உட்பக்கம் தடித்த வெள்ளைப் படை, கரண்டியால் சுரண்டினால் பத்தையாகக் கழன்று வரும். அட்டனில் இருக்கும் தங்கச்சி வீட்டுக் கேத்தல் பல வருடமாக அப்படியே பளபளக்கிறது, ஏனென்றால் அங்கே ஓடை வருவது எளிதில் கரையாத பாறை மேல். மலைநாடு என்றால் எல்லா இடத்திலும் ஒரே தண்ணீர் என்று எழுதியவர் எங்கள் பக்கம் வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கலாம்.

அந்த வரியை விட்டுவிடுவேன். அதற்குக் கீழே, மென்மையாக்க வேண்டுமானால் தொட்டிக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகர் போதும் என்றும் இருந்ததே, அதைத்தான் விட முடியவில்லை. அக்கா மகன் அதை அப்படியே செய்தான். இரண்டடித் தொட்டி, பன்னிரண்டு நியோன் டெட்ரா, மென்மையான தண்ணீர் கேட்கும் சின்ன மீன்கள், காசு சேர்த்து வாங்கியவை. தண்ணீரில் புளிப்புக் கூடக் கூடக் குறையும் பிஎச் எண் முதல் நாள் இறங்கியது, மறுநாள் காலையில் ஏறிவிட்டது, மறுபடி ஊற்றினான். நான்காம் நாள் நான் போனபோது தண்ணீர் பால் கலந்த மாதிரி, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒன்பது செத்துப்போயின. ஏன்டா ஊற்றினாய் என்று கேட்டதற்கு, “மாமா, பேப்பர்ல போட்டிருக்கே” என்றான். அதற்கு மேல் நான் அவனை என்ன சொல்ல?

வினிகர் கல்சியத்தை வெளியே எடுக்காது. தண்ணீரின் காபனேற்றுக் கடினத்தைத் தின்று காபனீரொட்சைட்டை விடும், அதனால்தான் பிஎச் இறங்குகிறது, அந்த வாயு வெளியேறியதும் திரும்ப ஏறுகிறது. கடைசியில் அந்தக் காபனேற்றும் தீர்ந்துபோனால் பிஎச்சைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது, ஒரே இரவில் சரிந்துவிடும். மிச்ச வினிகரைத் தின்று பக்டீரியா பெருகி ஒட்சிசனையும் இழுத்துக்கொள்ளும். தேசிக்காய்ச் சாறும் இதே கதைதான். உப்புப் போட்டு ஓடும் வீட்டு மென்மையாக்கியும் கல்சியத்துக்குப் பதில் சோடியத்தை வைக்கிறதே தவிர தண்ணீரில் கரைந்திருப்பது குறைவதில்லை.

மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அது நல்ல வழிதான், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் எங்கள் லயத்துக் கூரை தகரம் ஐயா. தகரத்தில் பூசிய நாகம் (துத்தநாகம்) கரைந்து வரும், அது மீனுக்கு விஷம், மென்மையான தண்ணீரில் இன்னும் மோசம். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் முற்றத்தில் பொலித்தீன் விரிப்புக் கட்டி, முதல் அரைமணி மழையை ஓடவிட்டு, அப்புறம்தான் பிளாஸ்டிக் பீப்பாயில் பிடிக்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை 5 மில்லி எடுத்துச் கடினம் பார்க்கும் கிட் மருந்தைச் சொட்டுக்கு ஒரு பாகை என்று எண்ணி விட்டால் பதினெட்டாவது சொட்டில்தான் ஆரஞ்சு பச்சையாகிறது, அதாவது 18 பாகை. ஒரு பாகை என்பது லீட்டருக்கு 17.9 மில்லிகிராம், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால். பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தால் 9. அதையும் ஒரே நாளில் ஊற்றக்கூடாது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். கொதிக்கவைத்து அடியில் படிந்ததை விட்டு வடித்தாலும் ஒரு பகுதி குறையும், இன்றைய காஸ் விலையில் யாரால் முடியும்? கப்பி வளர்ப்பவர்களுக்கோ இந்தப் பாடு எதுவுமே வேண்டாம், கப்பிக்கும் மொல்லிக்கும் கடினத் தண்ணீர்தான் நல்லது. கட்டுரை அதில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

இருபது வருடத்துக்கு மேலாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். மலையகம் என்றாலே ஒரு கொழுந்துக் கூடைப் படம், ஒரு சம்பளச் செய்தி. ஞாயிறு இணைப்பு எங்கள் கடைக்குச் சில வாரம் வருவதே இல்லை, விலை மட்டும் அதே விலை. எங்கள் பாடசாலை விஞ்ஞான கூடத்தில் பிஎச் தாள் கூட இல்லை என்று இரண்டு வருடம் முன் இரண்டு பக்கம் எழுதினேன், இரண்டு வரி போட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்லித்தான் எழுதினேன். எங்களைப் பற்றி எழுதும்போது எங்களில் ஒருவரிடம் கேட்பது அவ்வளவு சிரமமா?

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில்: தொட்டியில் வினிகர் ஊற்ற வேண்டாம், தகரக் கூரைத் தண்ணீர் வேண்டாம். வந்தால் வெட்டி அக்கா மகனிடம் கொடுப்பேன். பழைய துண்டை அவன் இன்னும் தொட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
மாத்தளை.