ஒபாமா குர்ஆன் மீது கைவைத்துப் பதவியேற்றதாக அச்சிட்ட தங்கள் நூல் குறித்து மூன்றாவது புகார்

பதிப்பக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர்களைப் பற்றிய தங்கள் நூலில் நான் குறிப்பிடும் பக்கம் எதுவென்று தங்களுக்கே தெரியும். ஏற்கெனவே அனுப்பிய இரண்டு பதிவுத் தபால்களும் அதைப் பற்றியவைதான். பராக் ஒபாமா முஸ்லிம் என்றும் குர்ஆன் மீது கைவைத்து உறுதிமொழி எடுத்தார் என்றும் அச்சிட்டு, அதற்கு 450 ரூபாய் விலையும் வைத்திருக்கிறீர்கள்.

2009 ஜனவரி 20 அன்று அவர் கைவைத்தது, 1861இல் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றபோது பயன்படுத்திய பைபிள். குர்ஆனைப் பயன்படுத்தியவர் மினசோட்டா மாநிலத்தின் கீத் எல்லிசன்; அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வான முதல் முஸ்லிமான அவர், 2007 ஜனவரியில் அந்நாட்டின் பழைய அதிபர் தாமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமாக இருந்த பிரதியை வரவழைத்துக்கொண்டார். 2008 தேர்தலின்போது மின்னஞ்சல்களில் சுற்றிய வதந்தியைத் தங்கள் ஆசிரியர் குழு அப்படியே எடுத்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்து விற்றிருக்கிறது.

இதைச் சொல்லவே விழுப்புரத்திலிருந்து பேருந்தில் சென்னை வந்தேன். விற்பனைப் பிரிவு என்னை ஆசிரியர் பிரிவுக்கு அனுப்பியது. ஆசிரியர் பிரிவு மதிய உணவுக்குப் போயிருந்தது. மூன்று மணிக்கு வந்தவர் நூலைத் திறந்துகூடப் பார்க்காமல், “பேரே ஹுசைன், அப்புறம் என்ன சார்? ஒபாமா வந்து கேஸ் போடப் போறாரா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முருகன் பெயரைத் தாங்கியிருக்கும் நான் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பூசைக்குச் செல்பவன் என்பது அவருக்குத் தெரியாது. ஹுசைன் என்பது ஒபாமாவுக்குத் தந்தை வழியாக வந்த பெயர்; அவரோ சிகாகோவில் ஒரு திருச்சபையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். அந்தத் திருச்சபையின் போதகர் ஜெரமையா ரைட் ஆற்றிய பிரசங்கங்களுக்காக 2008இல் ஒபாமாவை வறுத்தெடுத்த அதே நாட்டில்தான், அதே ஆண்டில், அவரை முஸ்லிம் என்றும் பேசினார்கள். இவ்விரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று தங்கள் குழுவில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

முஸ்லிம் என்பது இழிவு என்று நான் கருதுவதாக எண்ண வேண்டாம். ஒபாமாவுக்கு எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலே 2008 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், ஒபாமா கிறித்தவர்தான் என்று சொல்லிவிட்டு, முஸ்லிமாக இருந்தால்தான் என்ன தவறு என்று கேட்டார். பதவிக்கு மதத் தகுதி கோரக் கூடாது என்று அந்நாட்டு அரசமைப்பின் ஆறாம் உறுப்பே சொல்கிறது. என் புகார் பொய்யைப் பற்றியது. 2010 ஆகஸ்டில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் 18 விழுக்காட்டினர் அவரை முஸ்லிம் என்றே கூறினார்கள். இங்கும் அந்தக் கணக்கைக் கூட்டுவதற்குத் தங்கள் நூல் போதும்.

சொல்ல விட்டுப்போனது: இந்நூலை நம்பி “குர்ஆன்” என்று விடை சொன்னதால் என் பேத்தி மாவட்ட வினாடி வினாவில் முதல் பரிசை இழந்தாள். அந்தப் பிள்ளையின் எதிர்காலமே இதனால் பாழாகிவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

தங்கள் பதிப்பகத்தின் நூல்களை முப்பது ஆண்டுகளாக மதித்து வாங்குபவன் என்ற முறையில் பணிவுடன் கேட்கிறேன்: 450 ரூபாயையும் பேருந்துக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள், விற்காமல் இருக்கும் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டுங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். கேஸ் போடப்போவது ஒபாமா அல்ல, நான்தான் என்பதை மூன்று மணிக்கு வந்த அந்த அன்பரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
விழுப்புரம்

இணைப்பு: ரசீது நகல், பேருந்துப் பயணச்சீட்டுகள் இரண்டு