மூன்று ராஜாக்கள் திருநாளும் பரிசு வழக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் வந்ததை நினைவுகூரும், மூன்று ராஜாக்கள் திருநாள் எனப்படும் திருக்காட்சிப் பெருவிழாவையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். டிசம்பர் 25 முடிந்ததும் கிறிஸ்துமஸ் பேச்சே எடுக்காத நாளிதழ்களுக்கு நடுவில் இவ்விழாவுக்கு இடம் தந்தமைக்கு நன்றி. ஆயினும், ஜனவரி 6 அன்று பிள்ளைகளுக்குப் பரிசளிப்பது விவிலியத்திலிருந்தே நேராக வந்த வழக்கம் என்றும், கத்தோலிக்க நாடுகள் அனைத்தும் அதைக் கடைப்பிடிக்கின்றன என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பவை இரண்டுமே திருத்தத்துக்கு உரியவை.

கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கிப் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் காணிக்கையாக வைத்தார்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் எத்தனை பேர் என்றோ, அரசர்கள் என்றோ அது கூறவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் ஞானிகளும் மூவராகக் கருதப்பட்டார்கள். அரசர்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் எனப் பாடும் 72ஆம் திருப்பாடலோடு சேர்த்து வாசிக்கப்பட்டதால் ராஜாக்களும் ஆனார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் நிலைபெறவோ இன்னும் சில நூற்றாண்டுகள் ஆயின. நற்செய்தியில் கொடுப்பவர்கள் பெரியவர்கள், பெறுவது ஒரே ஒரு குழந்தை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரிசு என்ற எண்ணம் அங்கே இல்லை.

அந்த எண்ணத்தின் வேரைப் பழைய ரோமாபுரியின் புத்தாண்டில் தேடுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஜனவரி பிறந்ததும் ரோமர்கள் ஒருவருக்கொருவர் அன்பளிப்பு வழங்குவது வழக்கம். திருச்சபை இதைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. அவர்கள் அன்பளிப்பு கொடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் ஏழைகளுக்குத் தருமம் செய்யுங்கள் என்ற கருத்தில் பழங்காலத் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார் தம் புத்தாண்டு மறையுரை ஒன்றில் கண்டிப்பாகவே பேசியிருக்கிறார். மறையுரையால் ஓயாத அந்தக் குளிர்கால அன்பளிப்புப் பழக்கம், நாளடைவில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு பெயர்களில் கிறிஸ்தவ விழாக்களோடு ஒட்டிக்கொண்டது: சில நாடுகளில் டிசம்பர் 6ஆம் தேதிக்குரிய புனித நிக்கோலாசார் கொடுப்பவரானார், ஸ்பெயினில் மூன்று ராஜாக்கள் கொடுப்பவர்களானார்கள். ஞானிகளுடைய எலும்புகள் எனப் போற்றப்பட்ட திருப்பண்டங்கள் 1164இல் மிலான் நகரிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் அவர்கள்மீதான பக்தி ஐரோப்பாவில் பெருகத் துணைசெய்தது.

ஸ்பெயினின் வழக்கத்தைப் பற்றிக் கட்டுரையாளர் இன்னும் சற்று விரிவாக எழுதியிருக்கலாம். அங்கே ஜனவரி 5 மாலையில் ராஜாக்கள் ஊர்வலமாக வந்து மிட்டாய்களை வாரி இறைக்கிறார்கள்; அன்றிரவு பிள்ளைகள் தங்கள் காலணிகளை வெளியே எடுத்துவைப்பதோடு, நெடுந்தொலைவு நடந்துவரும் ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் தீனியும் வைத்துவிட்டுத்தான் உறங்கப்போகிறார்கள். ஸ்பானியர் ஆண்ட புவேர்ட்டோ ரிக்கோவில் பிள்ளைகள் புல் பறித்து, பெட்டியில் நிரப்பிக் கட்டிலுக்கடியில் வைக்கிறார்கள். பரிசு பெறுவதற்கு முன்னால் பிள்ளையும் ஏதேனும் கொடுத்தாக வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, கேட்டதெல்லாம் தந்துவிட்டுப் போகும் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் இல்லை. இத்தாலியில் ராஜாக்களுக்குப் பதிலாகப் பெஃபானா என்னும் கிழவி துடைப்பத்தில் ஏறி வருகிறாள். நல்ல பிள்ளைக்கு மிட்டாயும் குறும்புப் பிள்ளைக்குக் கரித்துண்டும் போடுகிறாள். 1977இல் அந்நாட்டு அரசு இந்நாளை விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கிப் பார்த்து, சில ஆண்டுகளிலேயே திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கத்தோலிக்க மரபில் ஊறிய பிரான்சிலோ ஜனவரி 6க்குரியது பரிசன்று, பணியாரம். ராஜாக்களின் பெயரால் சுடப்படும் அந்தப் பணியாரத்துக்குள் முன்பெல்லாம் ஓர் அவரை விதையும், இப்போது சிறு பீங்கான் பொம்மையும் மறைத்துவைக்கப்படுகிறது. வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் புகுந்துகொண்டு எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல, பொம்மை கிடைத்தவர் அன்றைய ராஜாவாகவோ ராணியாகவோ காகித மகுடம் சூடுகிறார். வாசலுக்கு வரும் ஏழைக்கென ஒரு துண்டைத் தனியே எடுத்துவைப்பதும் அம்மரபில் உண்டு. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியில் ஜனவரிப் பரிசு வேரூன்றாததில் வியப்பில்லை. ஆட்சி செய்த பிரெஞ்சுக்காரர்களிடமே அது அந்த நாளுக்குரிய வழக்கமாக இருக்கவில்லை. கோவாவுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்ததும் வேறு வகை: அங்கே இத்திருநாளில் சிறுவர் மூவர் ராஜாக்களாக வேடமிட்டு ஊர்வலமாகக் கோயிலுக்குச் செல்கிறார்கள்.

பிள்ளைகளின் எதிர்பார்ப்பெல்லாம் ஜனவரி 5 இரவைச் சுற்றியது என்பதையும் கருத வேண்டும். இந்தியாவில் இப்பெருவிழா ஜனவரி 2 முதல் 8 வரையிலான நாள்களுக்குள் வரும் ஞாயிறுக்கு மாற்றப்பட்டுவிட்டதால், அந்த இரவு நமக்குச் சாதாரண இரவாகிவிட்டது. போதாக்குறைக்கு, புத்தாண்டுப் பூசை முடிந்த கையோடு பல வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துவிடுகிறார்கள். ராஜாக்கள் வந்து சேர்வதற்குள் மாட்டுத்தொழுவம் பரணுக்குப் போய்விடுகிறது.

நம் கோயில் பங்குகளிலும் அன்று பிள்ளைகளுக்குப் பொம்மைகள் வழங்கலாம் என்று கட்டுரையாளர் முடிக்கும் யோசனையை என்னால் ஏற்க இயலவில்லை. கிறிஸ்துமஸுக்குப் புத்தாடையும், பொங்கலுக்கு மறுபடியும் ஏதாவதும் வாங்கவேண்டிய குடும்பங்களுக்கு நடுவில் இன்னொரு செலவாகவே அது முடியும். வெளிநாட்டு வழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வதாயின் ஜெர்மனியினுடையதே மேல்: 1959 முதல் அங்கே சிறுவர் சிறுமியர் ராஜாக்களாக உடுத்தி, விண்மீன் ஏந்தி வீடு வீடாகப் பாடிச் சென்று, வாசல் நிலையில் சுண்ணக்கட்டியால் ஆசி எழுதிவிட்டு, பிற நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்காக நிதி திரட்டுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுகளில் பாடற்குழுக்கள் வீடு தேடி வருவது நமக்கும் பழகியதே என்பதால், அடுத்த ஜனவரியில் இதை எந்தப் பங்கும் எளிதாகத் தொடங்கிப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
புதுச்சேரி