யாருடைய விரல்களை வைத்து அளவு வகுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே உடல்நிலையைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவிகள் பற்றிய தங்கள் கட்டுரை, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைச் சதவீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதை நம்பி ஓர் இரவு காத்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நுரையீரல் நோயாளியான என் தந்தைக்கு அன்று இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்கியது. கட்டில் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் தொடைமேல் ஊன்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். கழுத்துக் குழி உள்வாங்கியது. கருவியை மாட்டினேன்: 94. அடுத்த விரலில் மாட்டினேன்: 95. "அளவு நன்றாகத்தான் இருக்கிறது அப்பா, விடிந்ததும் போகலாம்" என்றேன். காலையில் மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் செறிவு 86. பிழைத்துக்கொண்டார். அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இத்தனைக்கும் நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சிவப்பொளி, அகச்சிவப்பொளி இரண்டையும் விரல் வழியே செலுத்தி, நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் ஆக்சிஜன் அளவை அறியலாம் என்று 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அயோயாகி காட்டினார். அழகான சிந்தனை. ஆனால் திரையில் தெரியும் எண் நேரடியாக அளந்தது அல்ல. இரண்டு ஒளிகளின் விகிதத்தை, முன்பே சில தன்னார்வலர்களிடம் சோதித்து வகுத்த அளவுகளோடு ஒப்பிட்டுக் கருவி சொல்லும் விடை அது. அந்தத் தன்னார்வலர்கள் யார்? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி குறைந்தது 10 பேரைச் சோதித்தால் போதும். அவர்களில் கருமை நிறத்தவர் 2 பேர் இருந்தால் போதும்!

2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்த முடிவுகளை ஆராய்ந்தார்கள். உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு வழிகாட்டுதல், குறைந்தது 150 பேரை, பல நிறத்தவரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்கிறது.

என் தந்தை நல்ல கறுப்பு. நிறம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விரல் குளிர்ந்திருந்தாலும் நகச்சாயம் பூசியிருந்தாலும் பிழை வரும். ஆனால் எந்தெந்த நிறத்தவரிடம் சோதித்த கருவி என்பதைப் பெட்டியின்மேல் அச்சிட்டே ஆக வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருவி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அப்பா நலமாக இருக்கும் நாள்களில் என்ன காட்டுகிறது என்று நோட்டில் குறித்துவைக்கிறோம். அதைவிட இறங்கினால் மருத்துவரை அழைக்கிறோம். தோள்கள் தூக்கத் தொடங்கினால் கருவியைத் தேடுவதே இல்லை, கிளம்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்