கை போகவில்லை, மச்சான்

அன்புள்ள மச்சான்,

எட்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஓடாதே என்று டாக்டர் சொன்னால் நீ கேட்கிற ஆளா! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி மறுபடியும் ஒரு குத்துச்சண்டைக்கு ஒத்துக்கொண்டுவிட்டான். எட்டு ரவுண்டு. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. ரவுண்டுக்கு நடுவே அவனைப் பார்த்துக்கொள்கிற ஆளாகக் கார்னரில் என்னை நிற்கச் சொல்கிறான்.

போன சனிக்கிழமை பயிற்சியைப் பார்க்கப் போனேன். சட்டையைக் கழற்றினான், அசந்துபோனேன். வயிறு ஒட்டி, தோளெல்லாம் முறுக்கேறி இருக்கிறது. முப்பத்தேழு வயது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒருத்தர் கையில் பிடித்திருந்த பேடில் அவன் அடித்த சத்தத்துக்கு வெளியே நின்ற பையன்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நானும் கொஞ்ச நேரம் மயங்கித்தான் போனேன். பேட் பிடிக்கிறவன் திருப்பி அடிக்க மாட்டான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிறகு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. எதிரே இருபத்தொரு வயதுப் பையன். வேகம் உண்டு, ஆனால் ஜாப் என்கிற நேர்க்குத்தைப் போட்டுவிட்டு இடது கையைத் தாழ்வாக இழுக்கிறான். தம்பியின் வலது கைக்கென்றே திறந்து வைத்த கதவு மாதிரி. தம்பி அதைப் பார்த்தான். சத்தியமாகப் பார்த்தான், அவன் வலது தோள் லேசாகத் துடித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கை போகவில்லை. அடுத்த ஜாபுக்கும் தோள் துடித்தது, கை போகவில்லை. மூன்றாவது தடவை போனது, அதற்குள் பையன் அங்கே இல்லை.

அப்புறம் காலைக் கவனித்தேன். நகர்ந்துகொண்டே அடிக்கிறவன், இப்போது நின்று, காலை ஊன்றி, அதன் பிறகு அடிக்கிறான். நாலு குத்து தொடர்ந்து வந்த இடத்தில் ஒன்றுதான் வருகிறது. கையைத் தொங்கவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுப்பானே, எதிராளியின் கிளவுஸ் மூக்குக்கு அரை அங்குலம் முன்னால் வந்து நிற்குமே, மாஸ்டர் கூட அதைப் பார்த்துத் திட்டுவதா சிரிப்பதா என்று நிற்பாரே, அந்த அரை அங்குலம் போய்விட்டது மச்சான். தலையை இழுக்கிறான், அடியும் விழுகிறது.

முடிந்த பிறகு கைத்துணியை நான்தான் அவிழ்த்துவிட்டேன். "எத்தனை ரவுண்டு அண்ணே போட்டோம்?" என்று கேட்டான். நாலு என்றேன். இடது கையை அவிழ்த்து முடித்து வலது கைக்கு வந்தேன். மறுபடியும் அதே கேள்வி, அதே குரல். நாலு என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வயதானாலும் ஜெயிக்கலாம் என்று நீ உடனே குத்துச்சண்டை வீரர் பெர்னார்ட் ஹாப்கின்ஸை இழுப்பாய் என்று தெரியும். ஆமாம், 2011-ல் 46 வயதில் பாஸ்கலை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். ஃபோர்மன் 1994-ல் 45 வயதில் மூரரை வீழ்த்தினார். ஆனால் ஃபோர்மனிடம் இருந்தது கனமான குத்து, அது சீக்கிரம் போகாது. ஹாப்கின்ஸ் எதிராளியைக் கட்டிப்போட்டு, அடி வாங்காமல் ஆடத் தெரிந்தவர். நம் தம்பி ராய் ஜோன்ஸ் ஜாதி. கையைக் கீழே விட்டு, கண்ணையும் வேகத்தையும் மட்டும் நம்பி நிற்கிறவன். ஜோன்ஸுக்கு என்ன ஆனது? 2003-ல் ரூயிஸை ஜெயித்து ஹெவிவெயிட் பட்டம். 2004 மே மாதம் டார்வரிடம் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்தார். அதே செப்டம்பரில் க்ளென் ஜான்சனிடம் ஒன்பதாவது ரவுண்டில் நாக் அவுட். அந்த மாதிரி ஆட்டத்துக்கு வேகம் பத்து சதவீதம் குறைந்தால் போதும், கீழே பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது.

நேற்று முகமது அலி-ஹோம்ஸ் சண்டையை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1980 அக்டோபர், லாஸ் வேகாஸ். அலிக்கு 38 வயது. எடை குறைத்து என்ன அழகாக இருந்தார்! பார்த்தவர்களெல்லாம் பழைய அலி திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். மணி அடித்த பிறகு ஒன்றுமே இல்லை. அலியின் பழைய ஸ்பாரிங் கூட்டாளியான ஹோம்ஸுக்கே அடிக்க மனம் வரவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். இன்னும் ஒரு ரவுண்டு என்று கார்னரிலேயே ஒருத்தர் கெஞ்சினார், டண்டீ கேட்கவில்லை.

அலியின் டாக்டர் ஃபெர்டி பச்சேகோ 1977-லேயே, ஷேவர்ஸ் சண்டைக்குப் பிறகு, இனி இவர் ஆடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை என்றதும் விலகிவிட்டார். நான் பச்சேகோவா, டண்டீயா? இதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. நான் விலகினால் தம்பி வேறு யாரையாவது நிறுத்துவான். அந்த ஆளுக்கு அவனுடைய தோள் துடிப்பதும் தெரியாது, சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டைத் தூக்கி எறியவும் தெரியாது. நின்றால், நானே அவனை அடி வாங்க அனுப்பின மாதிரி. அதோடு டண்டீ நிறுத்தியும் அலி அடங்கவில்லையே, 14 மாதம் கழித்து பெர்பிக்கோடு மோத மறுபடி ரிங்கில் ஏறினார்.

தம்பி ஆடலாம் என்கிற சான்றிதழுக்குக் கையெழுத்துப் போடப்போகிற டாக்டர் கண், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி எப்படி ஆடினான் என்பது அவருக்கு எங்கே தெரியும்? உனக்கும் எனக்கும்தானே தெரியும். மூளை நரம்பு டாக்டரிடம் போகலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். சிரித்துக்கொண்டே "என்னைக் கிழவனாக்காதே அண்ணே" என்றான். அப்புறம் இரண்டு நாள் பேசவே இல்லை.

என் பேச்சு அவனிடம் எடுபடவில்லை. உன் பேச்சு எடுபடும். அரையிறுதியில் தோற்றுவிட்டு அவன் லாக்கர் அறையிலிருந்து வெளியே வராதபோது, கதவுக்கு வெளியே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நீ. அதை அவன் இன்றைக்கும் சொல்கிறான். போனில் வேண்டாம். போன் என்றால் "சரி அண்ணே, சரி அண்ணே" என்று வைத்துவிடுவான். ஒரு சனிக்கிழமை கிளம்பி வா. நான் எதுவும் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. ஓரமாக உட்கார்ந்து நாலு ரவுண்டு பார். நான்தான் பயத்தில் இல்லாததையெல்லாம் பார்க்கிறேன் என்று உனக்குப் பட்டால், அதையும் என் முகத்துக்கு நேரே சொல், சந்தோஷமாகக் கார்னரில் நிற்கிறேன். இல்லையென்றால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனிடம் பேசுவோம். கைத்துணியை அவிழ்க்கும் நேரம்தான் அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

எந்த ரயில் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன் பழைய இடதுகைச் சவுத்பா