காட்டேரி விளையாட்டுகள் பற்றி சேகருக்கு

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தரமணியில் உன் மாணவர்கள் ஒரு ரத்தக் காட்டேரிக் கதையை பாயிண்ட் அண்ட் கிளிக் விளையாட்டாக, அதாவது திரையில் பொருள்களைச் சொடுக்கிப் புதிர் விடுவிக்கும் கணினி விளையாட்டாகச் செய்யப் போகிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சொட்டு மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் வருவதென்றால் சுற்றித்தான் வர வேண்டும், புறப்படும் முன் ஒரு போன் போடு.

'எ வாம்பயர் ஸ்டோரி' விளையாட்டைப் பற்றி ஒருவர் ஆஹா என்கிறார், இன்னொருவர் பொறுமையைச் சோதிக்கிறது என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரையும் நம்பலாம். முதல் ஆள் படத்தைப் பார்த்துச் சொல்கிறார், இரண்டாவது ஆள் பேச்சைக் கேட்டுச் சொல்கிறார். 2008-இல் வந்த அந்த விளையாட்டை வடிவமைத்த பில் டில்லர், லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் 1997-இன் 'த கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட்' விளையாட்டுக்குப் பின்னணி ஓவியங்கள் தீட்டியவர். அந்தக் கை இதிலும் தெரிகிறது. வளைந்த கோபுரங்கள், நீலமும் ஊதாவுமான இரவு, எங்கே நிறுத்தினாலும் ஒரு ஓவியம். ஆனால் கதாநாயகி மோனாவும் அவளோடு இருக்கும் வௌவால் ஃப்ரோடரிக்கும் ஒவ்வொரு சாமானைப் பார்த்தும் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவும் 'தொடரும்' என்று பாதியில் நிற்கிறது. அறிவித்த இரண்டாம் பாகம் வரவே இல்லை. இந்தக் குறைகள் எல்லாமே நியாயமானவை.

ஆனால் பெரும்பாலான விமர்சனங்கள் ஒன்றைக் கேட்காமலே போய்விடுகின்றன. காட்டேரி கதையில் மட்டும் இருக்கிறதா, புதிருக்குள்ளும் இருக்கிறதா? எனக்கு இதுதான் முதல் கேள்வி. மோனா பாரிஸ் ஓபரா பாடகி. கடத்திக்கொண்டு போய்க் காட்டேரியாக்கிவிட்டார்கள், அவளுக்கோ அதை ஒப்புக்கொள்ள மனமில்லை. ஒரு பொருளை அழுத்திப் பிடித்தால் நான்கு குறிகள் வரும்: பார், பேசு, எடு, பற. நான்காவதை கவனி. வௌவாலாக மாறிப் பறப்பது இடையில் தானாக ஓடும் காட்சியாக வந்து போவதில்லை, ஆடுபவர் கையில் எப்போதும் இருக்கும் வினையாகவே வைத்திருக்கிறார்கள். எட்டாத சன்னல், உயரத்துப் பரண் எதைப் பார்த்தாலும் 'நான் யார்' என்பதிலிருந்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. வௌவாலையே ஒரு சாமானைப் போல எடுத்துப் பயன்படுத்தவும் முடியும்.

இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. தூக்க முடியாத, இப்போதைக்கு வேண்டாத பொருளை மோனா எடுக்க மாட்டாள். அதன் நிழல் மட்டும் பைக்குள் நினைவாக நிற்கும். பிறகு தேவைப்படும் இடத்தில் அந்த நிழலைப் பயன்படுத்தினால் அவளே போய் எடுத்து வந்துவிடுவாள். ஆடுபவருக்கு வீண் நடை மிச்சம். உன் பிள்ளைகள் தயங்காமல் கடன் வாங்க வேண்டியது இது.

இதற்கு நேர் எதிர் 1999-இன் 'டிராகுலா: ரெசரெக்‌ஷன்'. கதை 1904-இல் நடக்கிறது. டிராகுலா நாவலில் வரும் ஜொனாதன் ஹார்க்கர், மனைவி மினாவைத் தேடி மறுபடி டிரான்சில்வேனியா போகிறான். நின்ற இடத்திலிருந்து சுற்றிலும், மேலும் கீழும் பார்க்கலாம், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவலாம். அந்தக் காலத்துக்கு முகபாவங்கள் அபாரம், அதை எல்லோரும் புகழ்ந்தார்கள். சின்னது, சுலபம் என்று குறையும் சொன்னார்கள். எனக்குள்ள வருத்தம் வேறு. அந்தக் கோட்டை ஒரு கொள்ளைக்காரனுடையதாக இருந்தாலும் புதிர்களில் பெரிய மாற்றம் இருக்காது. சாவி தேடு, பொறியை இயக்கு, கதவைத் திற. கடைசியில் இருவரும் ஒரு பறக்கும் இயந்திரத்தில் தப்புகிறார்கள், டிராகுலாவோ அதற்குள் லண்டன் போய்விட்டான். எதிராளி இல்லாத ஆட்டம். ஆடுகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் ஒரே காரணத்தால்தான்: சுட்டியின் வடிவம் மாறும் இடம் தரையிலோ விட்டத்திலோ இருக்கும், கண் மட்டத்திலேயே சுற்றினால் தவறிவிடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் கீழே ஒரு சுற்று, பிறகு கண் மட்டம், பிறகு மேலே என்று பார்த்தால் தடையே இல்லை. இரண்டாம் பாகத்தில் நேரக் கெடுவும் துப்பாக்கியும் சேர்த்தார்கள். அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2008-இன் மூன்றாம் பாகம் 'த பாத் ஆஃப் த டிராகன்' அப்படியில்லை. 1920, முதல் உலகப் போர் முடிந்து நொறுங்கிக் கிடக்கும் விளாடோவிஸ்டே கிராமம். மார்த்தா கலுகாருல் என்ற பெண் மருத்துவருக்குப் புனிதர் பட்டம் தரலாமா என்று விசாரிக்க ஆர்னோ மோரியானி என்ற பாதிரியார் வருகிறார். படிக்க வேண்டிய தாள்கள் அதிகம், நடை மெதுவு என்ற புகார் உண்மைதான். ஆனால் அங்கே ரத்த வகை கண்டுபிடிக்கும் புதிர் ஒன்று இருக்கிறது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டது 1901-இல், ஆக காலமும் பொருந்துகிறது. அதற்குப் பின்னால் உள்ள கணக்கு இவ்வளவுதான்: ஏ எதிர்ச் சீரத்தில் (ஏ வகையைக் காட்டும் சோதனைத் திரவம்) ரத்தம் கட்டிகட்டியாகத் திரண்டால் ஏ இருக்கிறது, பி எதிர்ச் சீரத்தில் திரண்டால் பி இருக்கிறது, இரண்டிலும் திரண்டால் ஏபி, எதிலுமே திரளவில்லை என்றால் ஓ. இது தெரியாமல் சொடுக்கிக்கொண்டே போகிறவருக்குச் சலிப்பு, தெரிந்தவருக்கு விருந்து. காட்டேரிக் கதையில் ரத்தம்தான் சாட்சி என்று யோசித்த வடிவமைப்பாளரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

'கேப்ரியல் நைட் 3' பற்றியும் கேட்டிருந்தாய். 1999-இல் ஜேன் ஜென்சன் வடிவமைத்தது, கதை நடப்பது பிரான்சின் ரென்-லெ-ஷாத்தோ கிராமத்தில். சாகச விளையாட்டுகளின் சாவு பற்றி 2000-இல் எரிக் வோல்பா எழுதிய கட்டுரையால் அதன் பூனை முடி மீசை உலகப் புகழ் பெற்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க நண்பன் மோஸ்லி போல வேஷம் கட்ட வேண்டும். கொட்டகைக் கதவின் ஓட்டையில் ஒட்டுநாடா, பூனை மேல் தண்ணீர்த் தெளிப்பு, அது பாய்ந்து ஓடும்போது நாடாவில் ஒட்டும் முடி, அதை உதட்டின் மேல் ஒட்ட மேப்பிள் பாகு. மோஸ்லிக்கு மீசையே கிடையாது! ஆகவே அவன் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். விசித்திரமாக இருப்பது குற்றமில்லை. எந்தத் தேவையும் அந்த மீசையைக் கேட்கவில்லை, விடை கிடைத்த பிறகும் 'அட, இதை யோசித்திருக்கலாமே' என்று தோன்றாது. அங்கேதான் கோளாறு. அதே விளையாட்டில் 'லெ செர்பான் ரூஜ்' புதிர் இருக்கிறது. ராசி வாரியாக வரும் வரிகளைப் படித்து, சிட்னி என்ற கணினியில் வரைபடத்தின் மேல் புள்ளி, வட்டம், சதுரம் என்று கேப்ரியலின் உதவியாளர் கிரேஸ் போடப் போட, ஒரு வரியின் விடை அடுத்த வரிக்கு அடித்தளமாகிறது. இந்த வகையில் அதைவிடச் சிறந்த புதிரை நான் பார்த்ததில்லை. மீசையை மட்டும் படித்துவிட்டு அந்த விளையாட்டை ஒதுக்குகிறவர்கள் பெரிய நஷ்டத்துக்கு ஆளாகிறார்கள்.

நம் ஊர் வேதாளத்தை நினைத்துப் பார். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாய் திறந்தால் அது மறுபடி முருங்கை மரம் ஏறும். பூதத்தின் குணமும் புதிரின் விதியும் ஒன்றாகவே இருக்கின்றன. உன் மாணவர்கள் முதலில் தங்கள் காட்டேரியின் விதிகளை எழுதட்டும்: அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது, கண்ணாடியில் தெரியாது, வெயில் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'இதனால் முடிவது', 'இதனால் முடியாதது' என்று இரண்டு கட்டம். அந்தக் கட்டங்களிலிருந்து மட்டும் புதிர் பிறக்க வேண்டும். அழைப்பு விதி நம் வீடுகளுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வாசலில் யார் நின்றாலும் 'வாங்க' என்போம், வழியனுப்பும்போதும் 'போயிட்டு வாங்க' என்போம். காட்டேரிக்கு இரண்டு முறையும் அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்த வீட்டுப் பாட்டியை அப்படிச் சொல்லவிடாமல் அதை வெளியே அனுப்புவது எப்படி? இதுவே ஒரு முழுப் புதிர். கோட்டை தேவையில்லை, சிவப்பு ஆக்சைடு தரையும் தேக்கு உத்தரமும் உள்ள பழைய மயிலாப்பூர் வீடு போதும். கோதிக் கோபுரம்தான் வேண்டுமென்றால் 1896-இல் இன்றைய வடிவில் கட்டிய சாந்தோம் தேவாலயம் இருக்கவே இருக்கிறது.

புதிர்களைக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி வரையச் சொல். கதவு திறக்க என்ன வேண்டும், அது கிடைக்க என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒற்றைக் கோடாக ஓடும் இடம் கண்ணில் படும். ஆடுபவர் மாட்டிக்கொள்வது அங்கேதான். எப்போதும் இரண்டு மூன்று வேலைகள் திறந்திருக்கட்டும். தப்பான முயற்சி ஒவ்வொன்றுக்கும் ஏன் நடக்கவில்லை என்று ஒரு வரி வேண்டும், 'முடியாது' என்று மட்டும் வந்தால் கோபம் வரும். வசனத்தை வரிவரியாகத் தாண்ட வழி இருக்கட்டும். இருட்டுக் காட்சிகளை மலிவான மானிட்டரில், பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்க்கட்டும். ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் தொடக்கூடிய இடங்கள் எல்லாம் மின்ன வேண்டும்.

எழுத்துரு விஷயத்தில் அவசரப்படாதே. சில மென்பொருள்களில் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4 அதைச் சரியாகக் காட்டும். எதை எடுத்தாலும் முதல் நாளே 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் திரையில் அடித்துப் பார்த்துவிடுங்கள், ஓவியமெல்லாம் முடிந்த பிறகு இது தெரிந்தால் மென்பொருளையே மாற்ற வேண்டி வரும்.

விதிப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி