திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு: பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு இடைவேளை கொடுங்கள்

மதிப்புக்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்கள் கம்பெனிகளில் டைலராக, செக்கிங்கில், கைமடிக்கிற வேலையில் இருக்கும் பெண்களைக் கர்ப்பம் பதிவு செய்த நாளிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி முடியும் வரை பார்த்துக்கொண்ட கிராம சுகாதார செவிலியர் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண் தாய்ப்பாலை நிறுத்தாமல் இருக்க, உங்கள் கம்பெனிக்குள் கொஞ்சம் இடமும் கொஞ்சம் நேரமும் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

புதன்கிழமை தடுப்பூசிக்கு மூன்றரை மாதக் குழந்தையோடு வருகிறவர்களிடம் முதலில் பாலைப் பற்றித்தான் கேட்பேன். "பால் வத்திப்போச்சுங்க சிஸ்டர், டப்பாப் பால்தான்" என்பார்கள். தனியே கூட்டிப்போய்ப் பார்த்தால், கட்டிங் வேஸ்ட் துணியை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பார்கள். துணி நனைந்திருக்கும். மார்பு கல் மாதிரி கட்டியிருக்கும். பால் வற்றவில்லை, பிள்ளை வாயில்தான் சேரவில்லை. காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தவர், ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரைக்குத்தான் எழுகிறார். வலி தாங்காதபோது டாய்லெட்டுக்குள் போய்ப் பீய்ச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறார். அதற்குள் லைனில் பீஸ் குவிந்துவிடும், சூப்பர்வைசர் சத்தம் போடுவார்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். தாய்ப்பாலும் அப்படித்தான். மார்பில் பால் தேங்கி நின்றால், இனிச் சுரக்க வேண்டாம் என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. சில வாரத்தில் நிஜமாகவே குறைந்துவிடும். இடையில் பால் கட்டிக் காய்ச்சல் வந்து, சீழ் பிடித்துக் கீறிவிடும் அளவுக்குப் போனவர்களும் உண்டு. பகலில் இரண்டு தடவை, இருபது நிமிஷம் பால் எடுக்க முடிந்தால் இதில் பெரும்பாலானது நடக்காது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் வெயிலிலும் அந்த ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூட வேண்டியதில்லை, பாலிலேயே பெரும்பகுதி தண்ணீர்தான். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் இந்தக் குழந்தைகளுக்குக் குறைவாக வருகின்றன. கொடுக்கும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைகிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 99க்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. அப்படியிருந்தும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை 55 சதவீதம் அளவுக்குத்தான். இதற்கு வேலை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த வீடுகளில் பெரிய காரணம் அதுதான்.

டப்பாப் பால் கொடுக்கிற தாய்மாரைக் குறை சொல்லவும் வரவில்லை. உடல்நிலையால் கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. கொடுக்க ஆசைப்பட்டும் முடியாமல் போகிறவர்களுக்காகத்தான் பேசுகிறேன். அந்த வீடுகளில் ஒரு டப்பாவைச் சம்பள நாள் வரை இழுக்க ஒரு கரண்டி மாவைக் குறைத்துக் கலக்குவார்கள். பாட்டில் கொதிக்க வைக்க நேரம் இருக்காது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களில் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் இல்லை. குழந்தைக்கு வயிற்றாலே போனால் அம்மா மூன்று நாள் லீவு. அந்த நஷ்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் புதிதல்ல. 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு கூடுதல் இடைவேளை இருந்தது. 2017-ல் வந்த திருத்தம், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், அங்கே நாளைக்கு நான்கு முறை தாய் போய்வர அனுமதியும் தந்தது. புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இவை இருக்கின்றன. நடப்பு வேறு. பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சோதிக்க வரும் நாளில் மட்டும் திறக்கிற குழந்தைகள் அறையை நான் பார்த்திருக்கிறேன். சுவரில் யானைப் படம், தொட்டிலில் பொம்மை. ஒரு குழந்தையும் இல்லை. மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலோ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் வேறு யூனிட்டில் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான் கேட்பதற்குப் பெரிய செலவு ஆகாது. உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய சின்ன அறை, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, கை கழுவக் குழாய், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். மூடி போட்ட சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து வைத்த பால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக இருக்கும். வீட்டில் இருப்பவர் பாலாடையில் புகட்டலாம். டாய்லெட்டைக் காட்டி இதுதான் அறை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவருக்கு அந்த நாற்பது நிமிஷத்துக்கும் அவருடைய சராசரிக் கூலியைப் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் இடைவேளை இருந்தும் யாரும் எழ மாட்டார்கள், நோட்டீஸ் போர்டில்தான் இருக்கும். இருபது முப்பது பேர் வேலை செய்யும் யூனிட்டுகள் ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாலைந்து பேர் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கி வளர்த்த அனுபவம் உள்ள ஆயாவாகப் பார்த்து வையுங்கள். அப்புறம் சூப்பர்வைசர்களை ஒருநாள் கூப்பிட்டுப் பேசுங்கள். எழுந்து போகிற பெண்ணை லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டுவது நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கையால் பால் எடுப்பது, சேமிப்பது, கட்டிய மார்புக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க நானும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு செவிலியர்களும் தயார். காசு வேண்டாம். டீ டைமில் அரை மணி நேரம் போதும். இந்தி தெரிந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தினால் வடக்கிலிருந்து வந்த தாய்மாருக்கும் புரியும். அறை ரெடியானதும் சொல்லி அனுப்புங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்